கேள்வி – பதில்: போரைப் பூட்டி வைக்க முடியுமா?

கேள்வி: மனித குலம் என்றாவது போரை அடியோடு ஒழித்துவிடுமா? (கல்லூரி மாணவி, கரூர்)

உலகம் முழுக்க என்றால் கையை விரிக்க வேண்டியதுதான். இரண்டு பகை நாடுகளுக்கிடையே என்றால், செய்து காட்டியிருக்கிறார்கள். பிரான்சும் ஜெர்மனியும் 1870, 1914, 1939 என்று எழுபது ஆண்டுக்குள் மூன்று முறை மோதிக்கொண்டவை.

முதலில் கையெழுத்தை நம்பினார்கள். 1928 ஆகஸ்ட் 27 அன்று பாரிஸில் 15 நாடுகள் 'போரைக் கைவிடுகிறோம்' என்று ஒப்பமிட்டன. ஜெர்மனி, ஜப்பான் உட்பட. மீறினால் தடுப்பது யார் என்பதற்கு ஏற்பாடே இல்லை. 1931-ல் ஜப்பான் மஞ்சூரியாவுக்குள் புகுந்தது.

1950 மே 9 அன்று பிரெஞ்சு வெளியுறவு அமைச்சர் ராபர்ட் ஷூமான் அறிவித்தது வேறு ரகம். பீரங்கிக்கு எஃகு வேண்டும். அன்றைய ஊதுலையில், எஃகுக்கு மூலமான வார்ப்பிரும்பு ஒரு டன் எடுக்க ஏறக்குறைய ஒரு டன் கோக் (நிலக்கரியைச் சுட்டு எடுக்கும் எரிபொருள்) எரியும். இரும்புத் தாது பிரான்சின் லொரேனில். கோக்குக்கு ஏற்ற நிலக்கரி ஜெர்மனியின் ரூரில். நிலக்கரி, எஃகு இரண்டையும் பொது நிர்வாகத்தில் வைத்துவிட்டால்? 1951 ஏப்ரலில் பிரான்ஸ், மேற்கு ஜெர்மனி உட்பட ஆறு நாடுகள் ஒப்பந்தம் செய்தன. லக்ஸம்பர்கில் ஒன்பது பேர் கொண்ட உயர் ஆணையம். அதில் ஒரே நாட்டவர் இருவருக்கு மேல் கூடாது. உற்பத்தி மதிப்பில் ஒரு சதவீதம் வரை ஆலைகளிடம் நேரடியாக வரி வாங்கலாம், கணக்கைக் கேட்கலாம், அபராதம் போடலாம். ரகசியமாக ஆயுதம் குவிக்க நினைத்தால் எஃகுக் கணக்கே காட்டிக்கொடுத்துவிடும்.

கேள்வி: அப்படியானால் நாடுகள் தாராளமாக வணிகம் செய்தாலே போதுமே? (ஆசிரியர், தென்காசி)

போதாது. பலரும் சறுக்குகிற இடம் இது. 1914-ல் பிரிட்டனும் ஜெர்மனியும் ஒன்றுக்கொன்று பெரிய வாடிக்கையாளர்கள். ரஷ்ய எரிவாயு உக்ரைன் குழாய் வழியே ஐரோப்பாவுக்கு ஓடியது; 2022-ல் ரஷ்யா முழுப் படையெடுப்பு நடத்திய பிறகும் 2024 கடைசி வரை ஓடிக்கொண்டுதான் இருந்தது! வாங்குவது விற்பது வேறு, சாவியைப் பொதுவில் வைப்பது வேறு.

அதற்காக இந்த ஏற்பாட்டை அப்படியே பிடுங்கி வேறிடத்தில் நடவும் முடியாது. அன்று ஜெர்மனி தோற்று, அந்நியப் படைகளின் பிடியில் இருந்தது. மறுக்கும் நிலையில் இல்லை. பக்கத்திலேயே அமெரிக்கப் படை. நிலக்கரியில் ஜெயித்த சூட்டில் ராணுவத்தையும் பொதுவாக்கப் போனார்கள். யோசனையைக் கொண்டுவந்ததே பிரான்ஸ். 1954 ஆகஸ்ட் 30 அன்று அதைத் தூக்கிப் போட்டதும் பிரெஞ்சு நாடாளுமன்றம்தான்.