முள்ளு நடுவுல நின்னா போதுமா?

சார், ஒரு மாசமா மேனுவல் மோடுல மட்டும்தான் படம் எடுத்து பழகுறேன். அப்பர்ச்சர் (லென்ஸ் துவாரம்), ஷட்டர் (வெளிச்சம் விழற நேரம்), ஐஎஸ்ஓ (கிடைச்ச வெளிச்சத்த பெருக்கற அளவு) மூணும் என்னன்னு புரிஞ்சிடுச்சு. மூணையும் மாத்தி மாத்தி, வெளிச்சத்த அளக்கற மீட்டர் ஜீரோவுக்கு வந்தப்புறம்தான் கிளிக் பண்றேன். ஆனாலும் படம் ஆட்டோல எடுத்த மாதிரியேதான் இருக்கு. ஐஎஸ்ஓ 100-ஐ தாண்டவே கூடாதுன்னு ஒரு நண்பர் சொல்றார், சரியா? கேமரா கூட வந்த கிட் லென்ஸ்தான் இருக்கு, வேற வாங்கணுமா?
- ஒரு வாசகர்

தம்பி,

"ஜீரோவுக்கு வந்தப்புறம்தான் கிளிக் பண்றேன்"ங்கிற வரிய படிச்சதும் சிரிப்பும் வந்துச்சு, கோவமும் வந்துச்சு. போன வாரம் பழைய ஸ்லைடு (வெளிச்சத்துல வச்சு நேரா பாக்கற ஃபிலிம் படம்) டப்பாவ துடைச்சு வைக்கும்போது ஒண்ணு கைல மாட்டுச்சு, அதுலேர்ந்து எனக்கும் இதே நினைப்புதான். அத அப்புறம் சொல்றேன், முதல்ல திட்டிடறேன். ஜீரோ வர்ற வரைக்கும் டயல திருகுறதுக்கு பேரு மேனுவல் இல்ல தம்பி. ஆட்டோ கண்ணிமைக்கிற நேரத்துல செய்யறத நீங்க ஒரு நிமிஷம் முக்கி முனகி செய்யறீங்க, அவ்ளோதான். முடிவு எடுக்கறது மீட்டர், நீங்க அதுக்கு எடுபிடி. அப்புறம் ஆட்டோ மாதிரியே இருக்குன்னா வேற எப்படி இருக்கும்?

ஐஎஸ்ஓ விஷயத்துல நண்பர் சொன்னத காதுலயே போட்டுக்காதீங்க. இருட்டு ரூம்ல 100-லயே பிடிவாதமா நின்னா ஷட்டர் 1/8 செகண்டுக்கு இறங்கிடும், முகம் ஆடிப்போயிடும். அதே இடத்துல அதே அப்பர்ச்சர்ல 3200 வச்சா 1/250 கிடைக்கும். புள்ளி புள்ளியா வருமேங்கறீங்களா, வரட்டுமே. புள்ளி வர்றது பெரும்பாலும் வெளிச்சம் பத்தாததால, ஐஎஸ்ஓ பாவம், கிடைச்ச கொஞ்சத்த பெருக்கி காட்டுது. ஆடிப்போன முகத்த எந்த சாஃப்ட்வேராலயும் முழுசா மீட்க முடியாது.

இப்ப அந்த ஸ்லைடு. எங்க அக்காவுக்கு குழந்தை பொறந்த புதுசு, வராந்தா நிழல்ல வெள்ளை விரிப்பு போட்டு, வெள்ளை சட்டை மாட்டி படுக்க வச்சிருந்தாங்க. என் கைல இரவல் கேமரா, உள்ள ஸ்லைடு ஃபிலிம், வியூஃபைண்டர் ஓரத்துல மீட்டரோட முள்ளு. அப்பர்ச்சர் எஃப் 8, ஷட்டர் 1/250 வச்சதும் முள்ளு கரெக்டா நடுவுல நின்னுச்சு, எனக்கு ஒரே பெருமை. கழுவி வந்தப்போ பாத்தா விரிப்பு அழுக்குத் துணி மாதிரி சாம்பலா கிடக்கு, குழந்தை முகத்துல புகை படிஞ்சாப்ல இருக்கு. நேரா லேபுக்கு போய் சண்டை போட்டேன், கெமிக்கல் பழசு, அது இதுன்னு வாய்க்கு வந்ததெல்லாம். அங்க இருந்த பெரியவர் ஒண்ணும் பேசல. அதே ரோல்ல நான் எடுத்த இன்னொரு ஸ்லைட எடுத்து லைட் பெட்டி மேல இதுக்கு பக்கத்துல வச்சார். எங்க தெருவுல திரியற கருப்பு நாய், ஃப்ரேம் முழுக்க நாய்தான். அதுவும் சாம்பல். "லேபு தப்புன்னா ரெண்டும் இருட்டணும், இல்ல ரெண்டும் வெளுக்கணும். உன் துணி கருத்திருக்கு, நாய் வெளுத்திருக்கு, அது எப்படிப்பா?"ன்னார்.

அவ்ளோதாங்க மீட்டர். முன்னாடி இருக்கறது துணியா நாயான்னு அதுக்கு தெரியாது. திரும்பி வர்ற வெளிச்சத்த அளந்து, எல்லாமே நடுத்தர சாம்பல்னு நெனச்சு கணக்கு சொல்லும். வெள்ளைய காட்டினா "ஐயோ ரொம்ப வெளிச்சம்"னு குறைக்கும், கருப்ப காட்டினா "அடடா இருட்டு"ன்னு கூட்டும். இப்ப வர்ற கேமரா முகத்த கண்டுபிடிச்சு கொஞ்சம் சுதாரிச்சுக்குது, ஆனா அடிப்படை புத்தி அதேதான். நான் அன்னிக்கு 1/250-ஐ 1/60-க்கு கொண்டுபோயிருக்கணும், ரெண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் ஏத்தினா வெளிச்சம் ரெண்டு மடங்கு), முள்ளு பிளஸ் பக்கம் சாயட்டும்னு விட்டிருக்கணும். நாய்க்கு அப்படியே தலைகீழ், மைனஸ் பக்கம் தள்ளியிருக்கணும்.

நம்பலன்னா இன்னிக்கே ஒரு வெள்ளை பேப்பர், ஒரு கருப்பு துணி எடுத்துக்கோங்க, ஃப்ரேம் முழுக்க வர்ற மாதிரி உங்க ஜீரோவுலயே ரெண்டையும் எடுங்க. எது பேப்பர் எது துணின்னு நீங்களே திணறுவீங்க. அப்புறம் பேப்பர ஒரு ஸ்டாப், ஒன்றரை ஸ்டாப்னு ஏத்தி ஏத்தி எடுங்க, ஹிஸ்டோகிராம் (இருட்டு இடதுலயும் வெளிச்சம் வலதுலயும் காட்டற கிராஃப்) வலது சுவத்துல போய் ஒட்டிக்கிற வரைக்கும் போயிடாதீங்க, ஒட்டிடுச்சுன்னா அந்த இடத்துல விவரம் போயிடும், ரா ஃபைலா (கேமரா பதப்படுத்தாத மூல ஃபைல்) இருந்தா கொஞ்சம் திரும்ப கிடைக்கலாம், அதுக்கும் எல்லை இருக்கு. இருட்டா விழுந்தத ஓரளவு தூக்கிடலாம்.

திட்டினது மனசுல வச்சுக்காதீங்க. ஒரு மாசம் விடாம டயல திருகியிருக்கீங்கன்னா பொறுமை இருக்குன்னு அர்த்தம், எனக்கு அந்த வயசுல அது இல்ல, நேரா சண்டைக்குத்தான் போனேன்.

லென்ஸ் பத்தி கேட்டிருந்தீங்கல்ல, மறந்தே போச்சு. இருக்கறதே போதும், பேப்பர் படத்த எடுத்து அனுப்புங்க.