வண்டிக் கேள்விகள்: வெல்டிங் வைத்த அலாய் வீல் ஓடுமா?

கேள்வி: அண்ணே, என்னிடம் பழைய வேகன்ஆர் இருக்கிறது. தெரிந்தவர் ஒருவரிடம் நான்கு பழைய அலாய் வீல்களை 13,000 ரூபாய்க்கு வாங்கிப் போட்டேன். பெயின்ட் அடித்து, பார்க்கப் புதுசு மாதிரி இருந்தன. ஈ.சி.ஆரில் 80-ஐத் தாண்டினால் ஸ்டியரிங் உதறுகிறது. கழற்றிப் பார்த்தால் ஒன்றில் உள்பக்க விளிம்பு வளைந்திருக்கிறது. இன்னொன்றில் அதே இடத்தில் ஒரு இஞ்ச் நீளத்துக்கு கிராக். மூன்றாவதில் பிளாட்பாரத்தில் உரசிய தழும்பு. "பெண்டு எடுத்துடலாம், கிராக்குக்கு ஆர்கான் வெல்டிங் வெச்சிடலாம்" என்கிறார் கடைக்காரர். நம்பலாமா?
– வில்லியனூர் வாசகர்

பதில்: தம்பி, உரசல் தழும்பைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து பெயின்ட் அடித்தால் முடிந்தது.

வளைந்த வீலை பேலன்சிங் மெஷினில் மாட்டிச் சுற்றவிட்டு, விளிம்பில் டயல் கேஜ் வைக்கச் சொல்லுங்கள். முள் ஒரு மில்லிக்குள் ஆடினால் நான் எடை ஒட்டி அனுப்பிவிடுவேன். இரண்டு மூன்று மில்லி என்றால் ஹைட்ராலிக் ஜாக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி எடுக்கலாம். கேஸ் டார்ச்சைக் கையில் எடுத்தால் மட்டும் வீலை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். இரும்பு சூடானால் சிவந்து காட்டும்; அலுமினியம் சிவக்காது. எவ்வளவு சூடு ஏறியது என்று கண்ணுக்குத் தெரியாது, திடீரென்று உருகும். நல்ல அலாய் வீலை வார்த்த பிறகு 500 டிகிரிக்கு மேல் சூடாக்கி, தண்ணீரில் முக்கி, அப்புறம் 150 டிகிரி வாக்கில் சில மணி நேரம் வைத்துத்தான் உறுதி ஏற்றுகிறார்கள். கண்டபடி டார்ச் காட்டினால் அந்த இடத்தில் அந்த உறுதி போய்விடும்.

கிராக் விஷயத்துக்கு வருகிறேன். வெல்டிங்கும் சூடுதானே? நான் பட்ட கதையைச் சொல்கிறேன். கடலூரில் கடை போட்ட புதிதில், விளிம்பில் விரிசல் விட்ட வீல் ஒன்றை ஆர்கான் வைத்து, தேய்த்து, பெயின்ட் அடித்து மாட்டிக் கொடுத்தேன். வேலை அழகாக வந்ததில் எனக்கே பெருமை. நாலு மாதம் கழித்து தவளக்குப்பம் பக்கம் காற்று இறங்கி அந்த வண்டி நின்றுவிட்டது. மெதுவாகப் போனதால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. வீலைக் கொண்டுவந்து காட்டினார்கள். என் வெல்டிங் அப்படியே இருந்தது. அதை ஒட்டி, அரிசி அகலம் தள்ளி, புதிதாக ஒரு விரிசல். வெல்டிங் பிடித்துக்கொண்டது, பக்கத்து உலோகம் விட்டுவிட்டது. அன்றோடு கிராக் விட்ட வீலைத் தொடுவதில்லை. விளிம்பில் சின்னதாக இருந்தால் வைக்கலாம் என்று சொல்லும் நல்ல வெல்டர்களும் இருக்கிறார்கள், சண்டை போட மாட்டேன். ஆனால் ஸ்போக்கிலோ, நட்டு உட்காரும் இடத்திலோ, ஹப் (வீல் மாட்டும் நடுக் குமிழ்) உட்காரும் பக்கமோ முடி அளவு கிராக் இருந்தாலும் அது காயலான் கடைக்குத்தான்.

எனக்கு அதைவிட உறுத்துவது அந்தப் புதுப் பெயின்ட். பழைய வீலை விற்பவர் எதற்காகச் செலவழித்து பெயின்ட் அடிக்கிறார்? டயரைக் கழற்றி, நான்கு வீலிலும் உள்பக்கப் பெயின்ட்டை ரிமூவர் போட்டு எடுங்கள். சந்தேகப்பட்ட இடத்தில் மண்ணெண்ணெய் தடவுங்கள் (இப்போது அது எங்கே கிடைக்கிறது, டீசல் போதும்). பத்து நிமிடம் கழித்துச் சுத்தமாகத் துடைத்துவிட்டு, சாக்பீஸ் பொடியைத் தூவிக் காத்திருங்கள். விரிசல் இருந்தால் உள்ளே போன எண்ணெய் மெல்ல மேலே கசிந்து, வெள்ளைப் பொடியில் பென்சிலால் இழுத்த மாதிரி ஒரு ஈரக்கோடு வரும். சுத்தியலால் தட்டி 'டங்'கென்று கேட்டால் நல்ல வீல் என்பார்கள். நான் அதை நம்புவதில்லை. பின்பக்கம் ஜே.டபிள்யூ.எல். என்ற ஜப்பானியத் தர முத்திரையும், எவ்வளவு எடை தாங்கும் என்ற எண்ணும் வார்த்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

இன்னொன்று. உதறலுக்கு வளைவு மட்டும்தான் காரணம் என்று நினைக்காதீர்கள். உங்கள் வண்டி ஹப் 54.1 மில்லி. கடைகளில் விற்கும் அலாய் வீல்கள் பலவற்றுக்கு நடு ஓட்டை 67, 73 மில்லி என்று பெரிதாக இருக்கும். இடைவெளியை அடைக்க ஹப் ரிங் போடாவிட்டால் வீல் நடுவில் உட்காராமல் நல்ல வீலும் உதறும். கழற்றிய பழைய இரும்பு டிஸ்க்கை எடைக்குப் போட்டுவிடவில்லையே? இந்த வேலையெல்லாம் முடியும்வரை அதையே மாட்டி ஓட்டுங்கள்.

கேள்வி: இரும்பு டிஸ்க்தான். பஞ்சர் இல்லை, ஆனால் வாரம் மூன்று நான்கு பாயின்ட் காற்று குறைகிறது. டிஸ்க்கை மாற்ற வேண்டுமா?
– கடலூர் முதுநகர் வாசகர்

பதில்: துறைமுகம் பக்கம் வீடு, உப்புக்காற்று. டயர் உட்காரும் விளிம்பில் துரு செதில் செதிலாக எழும்பியிருக்கும், அதன் வழியாகத்தான் கசிவு. சோப்புத் தண்ணீர் ஊற்றினால் விளிம்பைச் சுற்றிக் குமிழி வரும். டயரைக் கழற்றி கம்பி பிரஷால் பளபளவென்று தேய்த்து, பிரைமர் அடித்து, திரும்ப மாட்டுங்கள். கையோடு வால்வையும் மாற்றிவிடுங்கள். தேய்த்த பிறகு நகம் இறங்கும் அளவுக்குக் குழி இருந்தாலோ, நட்டு ஓட்டை நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தாலோ வேறு டிஸ்க் வாங்குங்கள். மறக்காமல் ஸ்டெப்னியையும் இறக்கிப் பாருங்கள்.