வாசகர் கேள்வி – பதில்: போருக்குப் போகிறவனுக்கு ரிஸ்க் கணக்கு எதற்கு?

கேள்வி: ராணுவம் என்றாலே உயிரைப் பணயம் வைப்பதுதானே? அமெரிக்கப் படைகளில் ஆபத்தைச் சமாளிக்க ஐந்து படிகள் என்று வைத்து ஃபார்ம் எல்லாம் நிரப்புகிறார்களாமே, அது எதற்கு?

பதில்: எதிரி ஒரு தோட்டாகூடச் சுடாமலே சிப்பாய்கள் சாகிறார்கள். வண்டி கவிழ்ந்து சாகிறார்கள், பயிற்சியில் வெயில் தாக்கிச் சாகிறார்கள், தூக்கக் கலக்கத்தில் ஸ்டியரிங் பிடித்துச் சாகிறார்கள். இந்தச் சாவுகளைத் தடுக்கத்தான் அந்த ஐந்து படிகள். 1998ல் அமெரிக்கத் தரைப்படை இதற்கென்றே தனிக் கையேடு போட்டது.

ராத்திரியில் மலைப்பாதையில் பத்து லாரிகள் போக வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் எதெல்லாம் ஆளைக் காவு வாங்கும் என்று பார்க்க வேண்டும்: டிரைவர் தூங்கவில்லை, பாதையோரம் பள்ளம், விளக்கு போடக்கூடாது என்று உத்தரவு. அடுத்து, அது நடக்க எவ்வளவு வாய்ப்பு, நடந்தால் எவ்வளவு சேதம் என்று ஒவ்வொன்றுக்கும் மதிப்பு போட வேண்டும். மூன்றாவது, என்ன ஏற்பாடு செய்யலாம், செய்த பிறகும் மிஞ்சுகிற ஆபத்து எவ்வளவு, அதை ஏற்றுக்கொண்டு கிளம்பலாமா என்ற முடிவு. மிஞ்சுவது பெரிய ஆபத்து என்றால் சின்ன அதிகாரி கையெழுத்துப் போட முடியாது, மேலே போக வேண்டும். இது மிக நல்ல விதி, ஏனென்றால் அடுத்தவன் உயிரை வைத்து முடிவெடுக்கிறவர் அதற்குப் பதில் சொல்லக்கூடிய இடத்தில் இருக்க வேண்டும். நாலாவது, முடிவு செய்த ஏற்பாட்டைச் செய்வது. ஐந்தாவது, மேற்பார்வை. என்னைக் கேட்டால் இதில்தான் பெரும்பாலும் கோட்டை விடுகிறார்கள். ‘டிரைவருக்கு ஓய்வு தரப்படும்’ என்று ஃபார்மில் எழுதியாகிவிட்டது, சரி, அவன் நிஜமாகவே தூங்கினானா என்று ஒரு ஹவில்தார் போய்ப் பார்த்தாரா?

கேள்வி: பெரிய படை, பெரிய திட்டம், எல்லாம் இருந்தும் சொதப்பிய உதாரணம் உண்டா?

பதில்: உண்டு. இந்த முறையெல்லாம் எழுத்தில் வருவதற்கு முன்னால் நடந்தது. ஈரான் தலைநகர் டெஹ்ரானில் அமெரிக்கத் தூதரகத்தில் பிணைக்கைதிகளாக இருந்தவர்களை மீட்க 1980 ஏப்ரல் 24 இரவு அமெரிக்கா நடத்திய ‘ஈகிள் கிளா’ நடவடிக்கை. ‘நிமிட்ஸ்’ கப்பலிலிருந்து எட்டு ஹெலிகாப்டர்கள் கிளம்பின. ஈரான் பாலைவனத்தில் ‘டெசர்ட் ஒன்’ என்ற இடத்தில் குறைந்தது ஆறு நல்ல நிலையில் இருக்க வேண்டும், குறைந்தால் திரும்பிவிட வேண்டும் என்று முன்பே பேசி வைத்திருந்தார்கள். ஒன்று இறக்கையில் கோளாறு என்று எச்சரிக்கை வந்து வழியிலேயே கைவிடப்பட்டது. இன்னொன்று புழுதி மண்டலத்தில் மாட்டி, கருவிகளும் பழுதாகி, கப்பலுக்கே திரும்பிவிட்டது. வந்து சேர்ந்த ஆறில் ஒன்றுக்கு ஹைட்ராலிக் பழுது. ஆக, கையில் ஐந்து. திட்டத்தைக் கைவிட்டுக் கிளம்பும்போது ஒரு ஹெலிகாப்டர், அங்கே எரிபொருள் நிரப்ப வந்து நின்ற விமானத்தின் மேல் மோதி எட்டு பேர் இறந்தார்கள்.

பிறகு ஓய்வுபெற்ற அட்மிரல் ஹாலோவே தலைமையில் ஆய்வு செய்த குழு சொன்னதைப் படித்தால் மனசு கனத்துவிடும். அந்தப் பக்கத்தில் காற்றில் புழுதி தொங்கி நிற்கும் என்ற தகவல் திட்டத்தின் வானிலை இணைப்பில் இருந்திருக்கிறது. ஆனால் ஓட்டப்போகிற பைலட்டுகளுக்கு அது தெரியாது. ரகசியம் காக்க வேண்டும் என்று வானிலைக்காரர்களையும் பைலட்டுகளையும் நேரடியாகப் பேசவே விடவில்லை. டெசர்ட் ஒன்னில் வானம் தெளிவாக இருப்பது தெரிந்திருந்தால், அந்தத் திரும்பிப்போன ஹெலிகாப்டரின் பைலட் தொடர்ந்து வந்திருப்பார், கணக்கு ஆறாக இருந்திருக்கும். மொத்தப் படையும் ஒன்றாகச் சேர்ந்து முழு ஒத்திகை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. பத்து ஹெலிகாப்டராவது வைத்திருக்கலாம் என்பதும் குழுவின் கருத்து. ஆபத்தை ஒருவர் கண்டுபிடித்துக் காகிதத்தில் எழுதியும் இருக்கிறார், அந்தப் புழுதிக்குள் பறக்கப்போகிறவனுக்கு மட்டும் சொல்லவில்லை. இதை என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

அதே சமயம், ஆறுக்குக் குறைந்தால் திரும்புவது என்ற முடிவை நிதானமாக, முன்கூட்டியே எடுத்து வைத்திருந்தது சரியான வேலை. அந்த இருட்டில், புழுதியில், இன்ஜின் சத்தத்தில் நின்றுகொண்டு முதல்முறையாக அதை யோசித்திருந்தால், ஐந்தை வைத்தே போய்ப் பார்ப்போம் என்று யாராவது கிளம்பியிருக்கலாம்.

கேள்வி: நிலைமை திடீரென்று மாறினால் உட்கார்ந்து ஃபார்ம் நிரப்ப நேரம் ஏது?

பதில்: நேரம் இருக்காதுதான். அதற்காகவே அமெரிக்கக் கடற்படை ‘ஏ, பி, சி, டி’ (Assess, Balance, Communicate, Do/Debrief) என்று சுருக்கமாக ஒன்று கற்றுக்கொடுக்கிறது. நிலைமையைப் பார், கையில் இருக்கும் ஆளும் பொருளும் போதுமா என்று பார், பக்கத்தில் இருப்பவனிடம் வாய் திறந்து சொல், அப்புறம் செய். முடிந்ததும் உட்கார்ந்து என்ன நடந்தது என்று பேசு. இந்தக் கடைசிப் பேச்சில் பதவியைப் பார்க்காமல் எல்லோரையும் பேசவிட வேண்டும், இல்லாவிட்டால் அதிகாரிக்குப் பிடித்ததைத்தான் எல்லோரும் சொல்வார்கள்.