பாட்டுப் படிப்பா, பி.காமா?

கேள்வி: என் மகள் பிளஸ் 2 வணிகவியல் பரீட்சை எழுதியிருக்கிறாள். 9 வயதிலிருந்து எங்கள் தெருவில் இருக்கும் டீச்சரிடம் பாட்டு கற்றுக்கொள்கிறாள். வர்ணம் முடிந்து கீர்த்தனைகள் போய்க்கொண்டிருக்கின்றன. பழைய தமிழ்ப் பாட்டுகளுக்குத் தானே மெட்டும் போடுகிறாள். இசைக் கல்லூரியில்தான் சேருவேன் என்கிறாள். அவள் அப்பாவோ, "டிகிரி வாங்கினால் கச்சேரி கிடைக்குமா? பி.காம். படிக்கட்டும், பாட்டு பக்கத்தில் இருக்கட்டும்" என்கிறார். மெட்டுப் போடுவதற்கென்று தனிப் படிப்பு இருக்கிறதா? எனக்கு எதுவும் புரியவில்லை.
— ஒரு வாசகி, கும்பகோணம்.

அன்புச் சகோதரிக்கு,

அவள் அப்பாவின் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கிடைக்காது. எந்த சபா செயலாளரும் மதிப்பெண் பட்டியலைக் கேட்பதில்லை. வானொலியில் பி, பி ஹை, ஏ, ஏ டாப் என்று தரம் கொடுக்கிறார்களே, அந்த ஆடிஷனிலும் பாட்டைத்தான் கேட்கிறார்கள். பெரிய பாடகரான ஜி.என்.பாலசுப்ரமணியம் பட்டம் வாங்கியது ஆங்கில இலக்கியத்தில். இன்னொரு பெரிய பாடகர் எம்.டி.ராமநாதன் இயற்பியல் பட்டதாரி.

இதைப் படித்ததும் உங்கள் கணவர், "நான் சொன்னேனே" என்பார். கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். ராமநாதன் இயற்பியலை வேலையாக வைத்துக்கொண்டு மாலை நேரத்தில் பாடியவர் இல்லை. பட்டம் வாங்கிய கையோடு பாட்டுக்காகச் சென்னைக்கு வந்து, கலாக்ஷேத்ரா என்ற கலைப் பள்ளியில் டைகர் வரதாச்சாரியாரிடம் சேர்ந்துவிட்டார். அதன் பிறகு அவருடைய நாள் முழுவதும் பாட்டுக்குத்தான். பின்னால் அவர் செய்த பாடல்களுக்கு 'வரததாச' என்று குருவின் பெயரையே முத்திரையாக வைத்தார் என்றால், அந்த வருடங்கள் அவருக்கு என்னவாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இசைக் கல்லூரி தரக்கூடிய பெரிய சொத்து இந்தப் பகல் பொழுதுதான். பி.காம். சேர்ந்தால் காலை 8 மணி பஸ், மாலை 5 மணிக்கு வீடு, அதற்குமேல் டியூஷன். தொண்டை களைத்த பிறகு அரை மணி சாதகம் (பயிற்சி). முதல் வருடம் ஓடும். மூன்றாம் வருடம் வேலைக்கான நேர்முகத் தேர்வு, அப்புறம் வங்கித் தேர்வு. முப்பது வருடம் பாட்டு டீச்சராக இருந்துவிட்டேன். "பக்கத்தில் இருக்கட்டும்" என்று வைக்கப்பட்ட பாட்டு, வைத்த இடத்திலேயே நின்றுபோனதை நிறையப் பார்த்துவிட்டேன். 17 வயது முதல் 20 வரை குரல் எதையும் வாங்கிக்கொள்ளும். 'ஆ' என்று பாடும் அகார சாதகமும் மூன்று வேகங்களில் பாடும் மூன்று கால வர்ணமும் தினமும் இரண்டு மணி நேரம் போக வேண்டிய வயது அது.

ஆகவே என் பதில், சேருங்கள். ஆனால் சேர்ப்பதற்கு முன் ஒன்றை நேரில் விசாரிக்க வேண்டும்: வகுப்பில் ஸ்ருதியை, அதாவது பாட்டுக்கு ஆதாரமான ஸ்வரத்தின் உயரத்தை, எப்படி வைக்கிறார்கள்?

இது சின்ன விஷயம் போலத் தெரியும். நான் படித்த காலத்தில் வகுப்பில் 14 பெண்கள். தம்புரா எப்போதும் ஐந்தரைக் கட்டை (கட்டை என்பது ஸ்ருதியின் உயரத்தைச் சொல்லும் அளவு). என் குரல் நாலரை. முழுதாக ஒரு கட்டை வித்தியாசம். எல்லோரோடும் சேர்ந்து மேல் ஷட்ஜத்தை, அதாவது மேல் 'ஸ'வைப் பிடிக்க வேண்டும் என்ற ரோஷத்தில் கத்திக் கத்தி, இரண்டாம் வருட முடிவில் மேல் ஸ்தாயியில் குரல் உடைய ஆரம்பித்துவிட்டது. வகுப்பில் யாரும் கவனிக்கவில்லை. ஊருக்கு வந்தபோது என் பழைய குருதான் ஒரே நிமிடத்தில் கண்டுபிடித்தார். ஆறு மாதம் மேல் ஸ்தாயி பக்கமே போகவிடாமல், மந்தரம் என்ற கீழ் ஸ்தாயியிலேயே வரிசைகளைப் பாட வைத்தார். குரல் திரும்பி வந்தது. திரும்பாமலே போன தோழிகளும் உண்டு. உங்கள் மகளுடைய கட்டை என்ன என்பதை அவள் டீச்சரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். குரல் வாரியாகப் பிரித்துப் பாடவைக்கிறார்களா, வாரத்துக்கு ஒரு முறையாவது ஒவ்வொருவரையும் தனியாகப் பாடச்சொல்லிக் கேட்கிறார்களா என்று மாணவிகளிடமே விசாரியுங்கள். அலுவலகத்தில் கேட்டால் எல்லாவற்றுக்கும் 'ஆமாம்' என்றுதான் வரும்.

இதனால்தான் தெருவில் இருக்கும் டீச்சரை விட்டுவிடக் கூடாது என்கிறேன். கல்லூரியில் ஒரே கீர்த்தனை வேறு பாடாந்தரத்தில், அதாவது வேறு குரு வழியில் வந்த பாட முறையில் வரும். சங்கதி, அதாவது ஒரே வரியை மாற்றி மாற்றிப் பாடும் விதம், மாறும்; சில சமயம் தாளத்தில் பாட்டு தொடங்கும் இடமான எடுப்பே மாறும். பிள்ளைகள் குழம்புவார்கள், வீட்டு குருவுக்கு வருத்தம் வரும். சேருவதற்கு முன்பே அவளை அழைத்துக்கொண்டு போய், டீச்சரிடம் சொல்லி, அவர் சம்மதத்தோடு சேருங்கள். கல்லூரிப் பாடத்தைத் தனி நோட்டில் எழுதிக்கொள்ளட்டும். வீட்டுப் பாடத்தோடு கலக்க வேண்டாம்.

எங்கே சேர்க்கலாம்? சென்னை, மதுரை, கோவை, திருவையாறு ஆகிய ஊர்களில் அரசு இசைக் கல்லூரிகள் இருக்கின்றன. உங்கள் ஊருக்குத் திருவையாறு வசதி. கட்டணம் தனியார் கல்லூரிகளைப் பார்க்க மிகக் குறைவு. சென்னைக் கல்லூரி 1949இல் தொடங்கியபோது முசிறி சுப்பிரமணிய ஐயர் முதல்வராக இருந்தார், டி.பிருந்தா அங்கே சொல்லிக்கொடுத்திருக்கிறார். பெரிய வித்வான்கள் வகுப்பறைக்கு வந்து பாடம் எடுத்த மரபு நமக்கு உண்டு. இப்போது யார் எடுக்கிறார்கள் என்பதுதான் உங்களுக்கு முக்கியம். கல்லூரியின் பெயரைவிட வாய்ப்பாட்டு ஆசிரியரின் பெயரைக் கேளுங்கள். அவர் பாடிக் கேளுங்கள். பட்டம், 'இசைக் கலைமணி' பட்டயம் என்று இரண்டு வகைப் படிப்புகள் உண்டு. பிளஸ் 2 முடித்தவள், பட்டத்துக்கே போகட்டும். காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

சாஸ்திரப் பாடங்களைப் பற்றிப் பிள்ளைகள் முகம் சுளிப்பார்கள். 72 மேளகர்த்தா (தாய்) ராகங்களையும் 35 தாளங்களையும் மனப்பாடம் செய்து பரீட்சையில் கக்குவதாக நினைப்பார்கள். மெட்டுப் போடுகிற உங்கள் மகளுக்கு அதுதான் பட்டறை.

தனிப் படிப்பு உண்டா என்று கேட்டிருந்தீர்கள். மேற்கத்திய இசையில் உண்டு. அங்கே இசையமைப்பு என்பது தனிப் பிரிவு. ஹார்மனி (பல ஸ்வரங்களைச் சேர்த்து ஒலிக்க வைப்பது), கவுண்டர்பாயிண்ட் (பல மெட்டுகளை ஒன்றாக இணைப்பது), ஒவ்வொரு வாத்தியத்துக்கும் எழுதும் முறை என்று படிப்படியாகப் போகும். சேரும்போதே சொந்தமாக எழுதிய ஸ்வரத்தாள்களைக் கேட்பார்கள். சென்னையில் 2008இல் ஏ.ஆர்.ரஹ்மான் தொடங்கிய கே.எம். இசைப் பள்ளியில் மேற்கத்திய இசையும் ஒலித் தொழில்நுட்பமும் கற்கலாம். சினிமாவுக்கும் விளம்பரத்துக்கும் இசையமைக்க ஆசை என்றால் அந்தத் திசை வேறு. பியானோ வாசிக்கவும் மேற்கத்திய இசைக் குறியீடான ஸ்டாஃப் நொட்டேஷன் படிக்கவும் இப்போதே ஆரம்பிக்க வேண்டும். பழந்தமிழ்ப் பாட்டுக்கு மெட்டு என்கிறீர்கள் என்பதால், அவள் மனது கர்நாடக சங்கீதத்தில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். நம் முறையில் பாடகராக ஆகித்தான் பாடல் செய்பவராக ஆவது வழக்கம்.

அவளிடம் இதைக் கேட்டுப் பாருங்கள். 'மலை' என்ற சொல் வரும் இடத்தில் அவள் மெட்டு எங்கே நீள்கிறது? 'ம' மீது நீண்டால் கேட்பவர் காதில் 'மாலை' என்று விழும். குறிலில் நீட்டாமல், நெடிலிலோ சொல்லின் கடைசியிலோ நீட்டப் பழக வேண்டும். சொல் பிரியும் இடமும் தாளத்தின் தட்டும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளாமல் இருக்க வேண்டும். பல்லவிக்கும் அநுபல்லவிக்கும் எதுகை எப்படிப் பொருந்துகிறது, எடுப்பு தாளத்தின் முதல் தட்டான சமத்திலா அரை இடம் தள்ளியா என்று, கற்ற ஒவ்வொரு கீர்த்தனையையும் பிரித்துப் பார்க்கட்டும். போட்ட மெட்டை ஸ்வரத்தோடு எழுதி வைக்கட்டும். ஒரு மாதம் கழித்து எழுதினதைப் பார்த்துப் பாடினால் அதே பாட்டு வர வேண்டும். வராவிட்டால் எழுத்தில் குறை. இதைச் சரிசெய்யத் தமிழும் தெரிந்த ஒரு இசை ஆசிரியர் கிடைத்தால், அவளுக்கு அதைவிட வேறு பாக்கியம் வேண்டாம்.

இனி சோற்றுக் கணக்கு. இசை படித்தவர்களில் பெரும்பாலோர் சொல்லிக்கொடுத்துத்தான் சம்பாதிக்கிறார்கள். காலை 5 மணிக்கு எழுந்து அமெரிக்காவில் இருக்கும் குழந்தைகளுக்கு ஆன்லைனில் வகுப்பு எடுக்கும் பெண்கள் என் மாணவிகளிலேயே பலர். பட்டம் இங்கேதான் வேலை செய்யும். கேந்திரிய வித்யாலயா பள்ளிகளில் இசை ஆசிரியர் வேலைக்கு இசையில் இளநிலைப் பட்டம் கேட்கிறார்கள். கல்லூரியில் சொல்லிக்கொடுக்க வேண்டுமென்றால் முதுநிலை, அதற்குமேல் நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வு. அதில் இசையும் ஒரு பாடம். பட்டத்துக்கே போகட்டும் என்று மேலே சொன்னது இதற்காகத்தான். 18 வயது ஆனதும் மத்திய கலாசார அமைச்சகத்தின் இளம் கலைஞர் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். 25 வயது வரை வாய்ப்பு உண்டு. மாதம் 5,000 ரூபாய், 2 வருடம். குருவின் சான்று கேட்பார்கள். தெருவில் இருக்கும் டீச்சர் அப்போதும் வேண்டும்!

அவள் அப்பாவின் பயத்தை நான் லேசாக நினைக்கவில்லை. பெண்ணைப் பெற்றவர் கேட்கத்தான் செய்வார். அவருக்காக ஒரு வழி இருக்கிறது. ஒரே நேரத்தில் இரண்டு பட்டங்கள் படிக்கப் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2022 ஏப்ரலில் அனுமதி கொடுத்துவிட்டது. ஒன்று நேரில் போய்ப் படிப்பது, மற்றது அஞ்சல்வழி என்று வைத்துக்கொள்ளலாம். இசையை நேரில் படிக்கட்டும், பி.காமைத் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் போன்ற ஒன்றில் அஞ்சல்வழியில் எழுதட்டும். வணிகவியல் ஏற்கெனவே படித்த பெண், சமாளித்துவிடுவாள். மாற்றி மட்டும் செய்துவிடாதீர்கள். கணக்கைப் புத்தகம் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம். ஸ்வரத்தை அசைத்துப் பாடும் கமகத்தை அஞ்சலில் அனுப்ப முடியாது.

விண்ணப்பம் கொடுக்கும் முன் ஒரு வேலை நாளாகப் பார்த்து மூன்று பேருமாகத் திருவையாற்றுக்குப் போய்வாருங்கள். முதல்வரிடம் அனுமதி கேட்டு, ஒரு வாய்ப்பாட்டு வகுப்பு முழுவதும் பின்வரிசையில் உட்கார்ந்து கேளுங்கள். உங்கள் கணவரையும் கட்டாயம் உட்காரச் சொல்லுங்கள். வெளியே வந்ததும் மகளிடம் அவர் முதலில் என்ன கேட்டார் என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.