கால்வாயை வெட்டியது யார்? - கடிதமும் பதிலும்

வணக்கம் ஐயா,

கொருக்குப்பேட்டைப் பக்கம் ஒன்பதாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுக்கிறேன். பிள்ளைகளில் பாதிப் பேர் பக்கிங்ஹாம் கால்வாயைத் தாண்டித்தான் பள்ளிக்கு வருகிறார்கள். அதோடு தொடர்புள்ள வரலாற்று மனிதர்களை ஆளுக்கொருவராக ஆராய்ந்து வரச் சொன்னேன். பிறப்பு, படிப்பு, பட்டம் என்று இணையத்திலிருந்து இறக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். கால்வாயைக் காணோம். என்ன செய்யலாம்?

- ஓர் ஆசிரியை, வடசென்னை

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

ஆளை வைத்துத் தொடங்கியது சரியான வழிதான், கேள்வியை மட்டும் மாற்றுங்கள். “இவரைப் பற்றி எழுது” என்றால் எந்தப் பிள்ளையும் பிறந்த தேதியில்தான் தொடங்கும். திட்டம் போட்டவர் யார், பணம் போட்டவர் யார், பெயர் வாங்கியவர் யார், மண் சுமந்தவர் யார் என்று நாலு கேள்வி கொடுங்கள். சென்னைக்கு வருவதற்கு முந்தைய வாழ்க்கைக்கு மூன்று வரிக்கு மேல் இடம் கிடையாது என்றும் சொல்லிவிடுங்கள்.

அடுத்து, 170 சென்டிமீட்டர் கயிறு ஒன்றை வகுப்பில் கட்டுங்கள். ஒரு சென்டிமீட்டர் ஓர் ஆண்டு, தொடக்கம் 1800. ஒவ்வோர் ஆளுக்கும் நிகழ்வுக்கும் ஒரு சீட்டு எழுதி அதில் தொங்கவிடுங்கள். சென்னையிலிருந்து எண்ணூர் வரை சுமார் 11 மைல் நீளத்துக்குக் கால்வாய் வெட்டிய பேசில் காக்ரேனின் சீட்டு 6-வது சென்டிமீட்டரில் தொங்கும். கால்வாய் அரசின் கைக்குப் போன 1837, 37-ல். பக்கிங்ஹாம் பிரபு ஆளுநராக இருந்த 1875-80 காலம் 75-க்கும் 80-க்கும் இடையில். படகுப் போக்குவரத்தை முடக்கிப்போட்ட 1965, 66 புயல்கள் கடைசி முனையில். பிள்ளைகள் தினமும் தாண்டுகிற கால்வாய், பக்கிங்ஹாம் வருவதற்கு ஏறக்குறைய எழுபது ஆண்டுக்கு முன்பே அங்கே இருந்தது என்பதைக் கயிறே காட்டிவிடும். அவர் காலத்தில், 1877-78 பஞ்ச நிவாரண வேலையாக வெட்டியது கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் சுமார் 8 கிலோமீட்டர். பெயர் முழுக் கால்வாய்க்கும் போய்விட்டது. காக்ரேனுக்கு உங்கள் பகுதியில் மிஞ்சியிருப்பது காக்ரேன் பேசின் ரோடு. அந்தப் பெயர்ப்பலகையைப் படம் எடுத்து வரச் சொல்லுங்கள்.

ஆள்மாறாட்டம் நிச்சயம் நடக்கும். பக்கிங்ஹாம் பிரபுவின் சொந்தப் பெயர் ரிச்சர்ட், குடும்பப் பெயரிலும் ‘டெம்பிள்’ உண்டு. பஞ்சத்தின்போது கல்கத்தாவிலிருந்த இந்திய அரசு அனுப்பிய சர் ரிச்சர்ட் டெம்பிள் வேறு ஆள். அதேபோல காக்ரேன் என்று தேடினால் கடற்படைத் தளபதி தாமஸ் காக்ரேன்தான் முதலில் வருவார். அவர் பேசிலின் அண்ணன் மகன், நம் கால்வாயோடு சம்பந்தமில்லாதவர். சீட்டில் முழுப்பெயர், பதவி, சென்னையில் இருந்த ஆண்டு மூன்றும் இருந்தால் இந்தக் குழப்பம் தீரும்.

நாலாவது கேள்விக்குத்தான் நிறைய நேரம் ஒதுக்க வேண்டும். மண் சுமந்தவர்களுக்குப் பெயர்ப் பட்டியல் இல்லை, ஆனால் அவர்கள் சாப்பாட்டைப் பற்றிப் பெரிய சண்டையே நடந்திருக்கிறது. நிவாரண வேலை செய்யும் ஆணுக்கு நாளைக்குச் சுமார் 450 கிராம் தானியமும் ஓர் அணாவும் போதும் என்றார் டெம்பிள். சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் விடவில்லை. உடல் உழைப்புக்கு 680 கிராமாவது வேண்டும், பருப்பும் காய்கறியும் வேண்டும் என்றார். 1877 மார்ச்சில் 570 கிராமும் 43 கிராம் பருப்பும் என்று உயர்த்தினார்கள். ரேஷன் அரிசியை இந்த மூன்று அளவிலும் நிறுத்து மேசைமேல் குவித்து வையுங்கள். நாள் முழுக்க மண் வெட்டுகிறவருக்கு எது போதும் என்று பிள்ளைகள் தராசைப் பார்த்துப் பேசட்டும். பத்திரிகையாசிரியர் வில்லியம் டிக்பி 1878-ல் இந்தப் பஞ்சம் பற்றி எழுதிய இரண்டு தொகுதிகள் இணையத்தில் ஸ்கேனாகக் கிடைக்கின்றன. வேண்டிய பக்கங்களை மட்டும் நீங்கள் அச்செடுத்துக் கொடுங்கள். படங்களைத் தேடும் வேலையைப் பிள்ளைகளிடம் விடாதீர்கள், ஹூப்பர் என்ற ராணுவ அதிகாரி எடுத்த பஞ்சப் புகைப்படங்கள் அந்த வயதுக்குத் தாங்காது.

படகு ஓடியதைப் பார்த்தவர்கள் இன்று எழுபது வயது தாண்டியவர்கள். “அப்போது கால்வாய் எப்படி இருந்தது?” என்றால் “தண்ணி கண்ணாடியாட்டம் இருந்துச்சு” என்பதோடு பேச்சு முடியும். என்ன சரக்கு வந்தது, விறகா, உப்பா? எங்கே இறக்கினார்கள்? கரையில் நடந்து கயிறு இழுத்தது யார், காற்று இல்லாதபோது என்ன செய்தார்கள்? இப்படிக் கேட்டால் ஊர், தெரு, ஆள் எல்லாம் வரும். கால்வாயைப் பாலத்தின் மேலிருந்து பார்த்தால் போதும், கரைச் சரிவில் யாரையும் இறக்க வேண்டாம்.

ஒரு விஷயத்தில் கவனமாக இருங்கள். உங்கள் வகுப்பிலேயே கரையோரம் குடியிருக்கும் பிள்ளைகள் இருப்பார்கள். ‘ஆக்கிரமிப்பு’ என்ற சொல்லோடு பாடத்தை முடித்தால் அந்தப் பிள்ளை தன் வீட்டைக் குற்றவாளிக் கூண்டில் பார்க்கும். அந்த வீட்டுத் தாத்தா பாட்டியிடம்தான் முதல் பேட்டி எடுக்க வேண்டும்.

மதிப்பெண்ணில் பாதியைச் சான்றுக்கு வையுங்கள். எந்தப் புத்தகம், எந்தப் பக்கம், எந்தத் தெருப் பெரியவர் சொன்னது என்று ஒவ்வொரு செய்திக்கும் பக்கத்தில் எழுத வேண்டும். வியாசர்பாடிப் பக்கத்துக் கேப்டன் காட்டன் கால்வாயை வைத்து இதைப் பழக்கலாம். பெயரைப் பார்த்ததும் தவளேஸ்வரம் அணைக்கட்டு கட்டிய ஆர்தர் காட்டன் வெட்டியது என்று யாராவது எழுதி வருவார்கள். ஆவணம் எங்கே என்று கேளுங்கள், கொண்டு வரும்வரை அந்தச் சீட்டு கயிற்றில் ஏறக் கூடாது.