அறிவிக்காத கேமுக்கு அட்வான்ஸ் கட்டலாமா?

கேள்வி: என் மகன் பிளஸ் டூ படிக்கிறான். ஜிடிஏ 4 கேமின் ரீமாஸ்டர் (பழைய கேமைப் புதுத் தரத்தில் மெருகேற்றிய பதிப்பு) வரப்போகிறது என்று பத்துப் பன்னிரண்டு இணையதளங்களில் வந்த செய்தியைக் காட்டுகிறான். ஒரு டெலிகிராம் குழுவில் 1,500 ரூபாய் அட்வான்ஸ் கட்டினால் எல்லோருக்கும் முன்பே 'பீட்டா' என்ற சோதனைப் பதிப்பு கிடைக்குமாம். கம்பெனி இன்னும் எதையும் அறிவிக்கவில்லை. ஆனால் இத்தனை பேர் எழுதியிருக்கிறார்களே, உண்மையாகத்தானே இருக்கும்? பணம் கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். செய்தி உண்மையா என்று ஆராய்வதற்கு முன்பே இதை முடிவு செய்துவிடலாம். செய்தி நூற்றுக்கு நூறு உண்மையாகவே இருந்தாலும் அந்தக் குழுவிடம் விற்பதற்கு ஒன்றும் கிடையாது. அறிவிக்காத கேமின் பீட்டாவை எந்தக் கம்பெனியும் டெலிகிராமில் ஆள் வைத்து விற்பதில்லை. சோதித்துப் பார்க்க வெளியாட்களை எடுத்தால், அவர்களிடம் ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்குவார்கள். காசு வாங்க மாட்டார்கள்.

இப்போது அந்தப் பத்துத் தளங்களைப் பார்ப்போம். மகனை உட்காரவைத்து ஒவ்வொன்றாகத் திறக்கச் சொல்லுங்கள். தலைப்பை விடுங்கள். இரண்டாவது, மூன்றாவது பத்தியில் 'இன்னாரின் தகவல்படி' என்று ஒரு வரி இருக்கும், அதில் ஒரு லிங்க் இருக்கும். அதைத் தொட்டால் வேறொரு தளம், அங்கிருந்து இன்னொன்று. பெரும்பாலும் எல்லாம் போய் முட்டுவது பெயர் தெரியாத ஒருவர் ரெடிட்டிலோ எக்ஸிலோ போட்ட ஒரே ஒரு பதிவில்தான். ஒரே கிணற்றுத் தண்ணீரைப் பத்துக் குடத்தில் மொண்டால் கிணறு பத்தாகிவிடாது. பத்துத் தளங்களில் வந்தது என்பதற்கு மதிப்பே இல்லை. தனித்தனியாக விசாரித்து எழுதியவர்கள் எத்தனை பேர் என்பதுதான் கணக்கு.

விசாரித்து எழுதுவது எப்படி இருக்கும் என்பதற்கு ஜிடிஏ 6 நல்ல உதாரணம். 2022 ஜூலையில் புளூம்பெர்க் செய்தி நிறுவனத்தின் நிருபர் ஜேசன் ஷ்ரையர், அந்த கேமில் ஒரு பெண் முக்கியப் பாத்திரமாக வருவார், கதை மியாமி போன்ற ஊரில் நடக்கும் என்று தன் பெயரைப் போட்டு எழுதினார். உள்ளே வேலை செய்தவர்களிடம் பேசி எழுதிய செய்தி அது. தவறாகப் போனால் அவர் பெயரும் கெடும், நிறுவனத்தின் பெயரும் கெடும். 2023 டிசம்பரில் வந்த முதல் டிரெய்லரில் லூசியா என்ற அந்தப் பெண் இருந்தார். இன்னொரு விதமும் உண்டு. 2022 செப்டம்பரில் அதே கேமின் சுமார் 90 வீடியோ துண்டுகளை யாரோ திருடி ரசிகர்கள் பேசிக்கொள்ளும் இணையதளம் ஒன்றில் போட்டார்கள். மறுநாளே ஜிடிஏ-வைத் தயாரிக்கும் ராக்ஸ்டார் கம்பெனி, ஆமாம், அவை எங்களுடையவைதான் என்று ஒப்புக்கொண்டது. உங்கள் மகன் காட்டும் செய்தி இந்த இரண்டில் ஒன்றா? இரண்டும் இல்லை என்றால் அது வெறும் பேச்சு.

நல்ல நிருபர் எழுதியதும் அப்படியே நடக்கும் என்று சொல்ல முடியாது. நின்டெண்டோ கம்பெனியின் ஸ்விட்ச் என்ற கேம் கருவியின் புதிய மாடல் 7 அங்குல ஓலெட் திரையோடு வரும், டிவியில் 4கே தரத்தில் ஓடும் என்று 2021 மார்ச்சில் புளூம்பெர்க் எழுதியது. ஜூலையில் கம்பெனி அறிவித்தபோது திரை வந்தது, 4கே வரவில்லை.

சிலர் படத்தைக் காட்டி மயக்குவார்கள். 2018 அக்டோபரில் 'சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் அல்டிமேட்' கேமில் வரப்போகும் வீரர்களின் படம் என்று ஒரு புகைப்படம் பரவியது. பக்கத்தில் 'தி கிரிஞ்ச்' என்ற சினிமாவின் விளம்பரம் தெரிந்தது. அந்த சினிமா அப்போது இன்னும் தியேட்டருக்கு வரவில்லை. 'இதைப் போய் யார் போலியாகச் செய்வார்கள்' என்று கேட்டே ஏராளமானோர் நம்பினார்கள். நவம்பர் 1-ஆம் தேதி நின்டெண்டோ உண்மையான பட்டியலைக் காட்டியதும் குட்டு உடைந்தது. அந்தப் போலிப் படத்தில் இருந்த கென் என்ற வீரர் உண்மைப் பட்டியலிலும் இருந்தார். பத்துப் பெயரைச் சொன்னால் ஒன்றாவது பலிக்கத்தான் செய்யும். நுணுக்கமான விவரம் இருக்கிறதே என்று நம்பாதீர்கள். ஏமாற்றுகிறவன் உழைப்பதே அந்த நுணுக்கத்தில்தான்.

'இன்சைடர்' என்று போட்டுக்கொள்ளும் கணக்குகளில் ஒரு மோசடி உண்டு. வெளியாட்கள் பார்க்க முடியாதபடி கணக்கைப் பூட்டி வைத்துக்கொண்டு, இந்த கேம் மார்ச்சில் வரும், ஜூனில் வரும், வரவே வராது என்று எல்லாவற்றையும் எழுதிவைப்பார்கள். நடந்ததை மட்டும் விட்டுவிட்டு மற்றதை அழித்துவிட்டுக் கணக்கைத் திறப்பார்கள். பார்ப்பவருக்கு அவர் பெரிய ஞானி. எக்ஸில் பெயருக்குப் பக்கத்தில் வரும் நீல டிக்கும் இப்போது மாதக் கட்டணம் கட்டினால் கிடைக்கிறது, அதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். அந்தக் கணக்கின் பழைய பதிவுகளுக்குப் போய், பலிக்காத கணிப்பு ஒன்றாவது அழிக்கப்படாமல் கிடக்கிறதா என்று பாருங்கள். எல்லாமே பலித்திருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

ஒரே ஒரு விதிவிலக்கைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் மகன் அடுத்து அதைத்தான் கொண்டுவருவான். ஒரு கேமை எந்த வயதினர் ஆடலாம் என்று சான்று தரும் வாரியங்கள். அமெரிக்காவில் ஈஎஸ்ஆர்பி, ஐரோப்பாவில் பெகி, தென்கொரியாவில் அரசின் கேம் மதிப்பீட்டுக் குழு. இவற்றிடம் விண்ணப்பிப்பது கம்பெனியேதான். சில நேரம் கம்பெனி அறிவிக்கும் முன்பே வாரியத்தின் தளத்தில் பெயர் வந்துவிடும். அறிவிக்காத கேம்களைப் பொறுத்தவரை இதைவிட நம்பகமான காகிதம் அநேகமாக இல்லை. ஆனால் அதில் இருப்பது பெயரும் வயதுப் பிரிவும் இன்னும் சில குறிப்புகளும்தான். 2023-இல் கொரிய வாரியத்தில் 'ரெட் டெட் ரிடெம்ப்ஷன்' என்ற பழைய கேமின் பெயர் தெரிந்தது. உடனே ரசிகர்கள் புதுப் படத்தரத்தோடு ரீமாஸ்டர் வருகிறது என்று முடிவு கட்டினார்கள். யூடியூபில் தம்ப்நெயில்கள் பறந்தன. ஆகஸ்டில் அறிவிப்பு வந்தது. 2010-இல் வந்த அதே கேமை பிஎஸ் 4, ஸ்விட்ச் என்ற கேம் கருவிகளில் ஓடும்படி மாற்றிக் கொடுத்தார்கள், அவ்வளவுதான். விலை ஏறக்குறைய 50 டாலர். காகிதம் பொய் சொல்லவில்லை, காகிதத்தில் இல்லாததைப் படித்தவர்கள்தான் ஏமாந்தார்கள். அப்புறம், வாரியத்தின் தளத்துக்கே போய்ப் பெயரைத் தேடுங்கள். ஸ்கிரீன்ஷாட்டை ஏற்காதீர்கள். பிரவுசரில் எந்தப் பக்கத்தின் எழுத்தையும் ஒரு நிமிடத்தில் மாற்றிப் படம் எடுத்துவிடலாம்.

கம்பெனியின் சொந்த ஆவணம் வெளியானாலும் தேதியை நம்ப முடியாது. 2023-இல் மைக்ரோசாஃப்ட்டின் நீதிமன்ற ஆவணங்கள் தவறுதலாக வெளியே வந்தன. 'ஒப்ளிவியன்' என்ற கேமின் ரீமாஸ்டர் 2022 நிதியாண்டில் வரும் என்று அதில் இருந்தது. கேம் வந்தது 2025 ஏப்ரலில்.

இந்தக் குழப்பத்துக்கெல்லாம் கம்பெனிகளும் பொறுப்பு. எதைக் கேட்டாலும் 'வதந்திகளுக்குக் கருத்துச் சொல்வதில்லை' என்ற ஒரே பதில். ஜிடிஏ 5 வந்தது 2013-இல். அடுத்தது தயாராகிறது என்று ராக்ஸ்டார் வெளிப்படையாகச் சொன்னது 2022 பிப்ரவரியில். இடையில் எட்டு ஆண்டுகளுக்கு மேல் வாயைத் திறக்காமல் இருந்தால் அந்த இடத்தை யார் நிரப்புவார்கள்? 'எங்கள் பெயரில் பீட்டா என்று யாராவது காசு கேட்டால் அது மோசடி' என்று ஒரு வரி எழுதிவைப்பதில் எந்த ரகசியம் போய்விடும்?  எனக்கு இதில் பொறுமை போய்விட்டது.

அந்த டெலிகிராம் ஆட்களிடம் வருகிறேன். இவர்கள் வழி ஏறக்குறைய ஒன்றுதான். முதலில் 'பணம் கட்டியவர்களின்' ஸ்கிரீன்ஷாட்டுகள், பிறகு 'ஏழு இடம்தான் பாக்கி' என்ற அவசரம். கட்டியதும் ஆக்டிவேஷன் கீ-க்கு இன்னும் கொஞ்சம், ஜிஎஸ்டிக்கு இன்னும் கொஞ்சம். கடைசியில் ஒரு ஏபிகே ஃபைலோ (ஆண்ட்ராய்டு போனில் ஆப்பை நிறுவும் ஃபைல்) ஸிப் ஃபைலோ வரும், இல்லாவிட்டால் பிளாக் செய்துவிடுவார்கள். ஃபைல் வருவதுதான் ஆபத்து அதிகம். எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்கும் ஏபிகே உங்கள் வங்கி ஓடிபியைப் படித்துவிடும். கணினியில் திறக்கும் ஃபைல், கேம் வாங்கும் ஸ்டீம் தளத்தின் கணக்கையும் பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளையும் அள்ளிக்கொண்டு போகும். 1,500 ரூபாய் போனதோடு நின்றால் பிழைத்தீர்கள்.

மகன் ஏற்கெனவே கட்டிவிட்டானா என்று அதட்டாமல் கேளுங்கள். பயந்தால் மறைப்பான், அந்த நேரத்தில் பணம் கை மாறிவிடும். கட்டியிருந்தால் உடனே 1930 என்ற எண்ணுக்குப் பேசுங்கள், தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் பதியுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள். பரிவர்த்தனை எண் கையில் இருக்கட்டும். ஃபைல் எதையாவது இறக்கியிருந்தால், வேறொரு போனிலிருந்து பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள். குழுவை விட்டு வெளியேறும் முன்பு உரையாடல், பயனர் பெயர், யூபிஐ ஐடி எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். வெளியேறிய பிறகு அவை கிடைக்காமல் போகலாம்.