ஆட்டுக்கால் கிழங்கு சூப் குடித்தால் முடக்குவாதம் குணமாகுமா? மாத்திரையை நிறுத்திவிடலாமா?

உங்கள் அம்மாவுக்கு 46 வயது, மூன்று மாதமாக இரண்டு கை விரல்களும் வீங்கி வலி, ரத்தம் பார்த்துவிட்டு ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ், அதாவது முடக்குவாதம் என்று சொல்லி வாரம் ஒருநாள் போடுகிற மாத்திரை எழுதியிருக்கிறார்கள், சொந்தக்காரர்கள் "ஏற்காட்டு ஆட்டுக்கால் கிழங்கு சூப் போதும், அந்த மாத்திரை வேண்டாம்" என்கிறார்கள். இதுதானே உங்கள் கேள்வி? படித்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. 2018-ல் எங்கள் வீட்டில் இதே பேச்சுதான் நடந்தது. நான் அந்தப் பேச்சை நம்பி மாத்திரையை நிறுத்தினேன்.

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். சூப் குடிக்கட்டும். மாத்திரையை நிறுத்த வேண்டாம்.

நான் டாக்டர் இல்லை. சேலத்தில் கொலுசுப் பட்டறைக்கு வீட்டிலிருந்தே வேலை செய்து கொடுக்கிறவள். கண்ணி கோர்த்து, குறட்டால் ஒவ்வொன்றின் வாயையும் அழுத்தி மூட வேண்டும். ஒரு ஜோடிக் கொலுசுக்கு எத்தனை முறை கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து அழுத்தும் என்று எண்ணிப் பார்த்ததில்லை. அதனால் 2016 கடைசியில் விரல் வலித்தபோது வேலையால் வருகிற வலி என்றே நினைத்தேன். தைலம் தேய்த்தேன். மெடிக்கலில் வலி மாத்திரை வாங்கி விழுங்கினேன்.

வேலையால் வருகிற வலி ராத்திரி படுத்து எழுந்தால் கொஞ்சமாவது குறைய வேண்டும். எனக்கு நேர்மாறாக இருந்தது. காலையில்தான் மோசம். எழுந்ததும் விரல்கள் மடங்காது. டீ டம்ளரை இரண்டு மணிக்கட்டுக்கும் நடுவில் இடுக்கித்தான் குடிப்பேன். புடவைக்கு ஊக்கு குத்த ஐந்தாவது படிக்கும் பையனைக் கூப்பிட வேண்டும். குளிக்கப் போய் வெந்நீரில் கையை வைத்துக்கொண்டே இருந்து, ஒன்பது மணி வாக்கில்தான் விரல் விரலாக ஆகும். வேலை செய்கிற வலது கை மட்டுமில்லை, இடது கையும் அதே மாதிரி, அதே கணுக்களில். அம்மாயி பார்த்துவிட்டு "இது சரவாங்கி" என்று சொன்னார். மூன்று மாதம் கழித்து டாக்டரும் அதைத்தான் வேறு பெயரில் சொன்னார்.

நம் ஊரில் மூட்டில் எது வந்தாலும் "மூட்டுவலி" என்ற ஒரே பெயர்தான். என் மாமியாருக்கு இருப்பது முழங்கால் தேய்மானம். அவர் நடந்தால், படியேறினால் வலிக்கும், உட்கார்ந்தால் குறையும். காலையில் இறுக்கம் இருந்தாலும் பத்துப் பதினைந்து நிமிடத்தில் விட்டுவிடும். எனக்கு இருப்பது உடம்பின் எதிர்ப்புச் சக்தியே ஆள் தெரியாமல் மூட்டின் உள்சவ்வைத் தாக்குகிற நோய். அது சவ்வோடு நிற்காமல் எலும்பையும் அரிக்கும். பலருக்கு முதல் இரண்டு வருடத்துக்குள்ளேயே அந்த அரிப்பு ஆரம்பித்துவிடும், அரித்தது திரும்ப வளராது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம் வருகிறது. ஆர்ஏ ஃபேக்டர் என்ற ரத்தப் பரிசோதனை நெகட்டிவ் என்று வந்துவிட்டால் நோய் இல்லை என்றும் நினைக்காதீர்கள், சிலருக்கு அது நெகட்டிவாகவே இருக்கும். அதற்காகத்தான் ஆன்டி-சிசிபி, ஈஎஸ்ஆர், சிஆர்பி என்ற மற்ற ரத்தப் பரிசோதனைகளையும் சேர்த்துப் பார்க்கிறார்கள்.

எனக்கு எழுதிக் கொடுத்தது மெத்தோட்ரெக்ஸேட். உங்கள் அம்மாவுக்கும் அதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். பலன் தெரிய ஆறிலிருந்து பன்னிரண்டு வாரம் ஆகும். எனக்கு ஒன்பதாவது வாரம், ஒரு நாள் காலையில் யோசிக்காமலே ஜடை பின்னி முடித்துவிட்டேன். முடித்த பிறகுதான் கவனித்தேன். அப்படியே உட்கார்ந்து அழுதேன்.

அப்புறம் 2018-ல் ஒரு கல்யாண வீட்டில் ஒன்றுவிட்ட நாத்தனார் என் மாத்திரை அட்டையைப் பார்த்துவிட்டு "இது கேன்சருக்குக் கொடுக்கிறதாச்சே, உனக்கு எதுக்கு?" என்று கேட்டார். அவர் சொன்னது பொய்யில்லை. புற்றுநோய்க்கு இதே மருந்தைப் பெரிய அளவில் கொடுக்கிறார்கள், நமக்குக் கொடுப்பது அதில் மிகச் சிறிய அளவு. ஆனால் அன்றைக்கு அதை எடுத்துச் சொல்ல யாருமில்லை. வலியும் இல்லை. வலி இல்லாத நேரத்தில் மாத்திரை வேண்டாத பொருளாகத் தெரியும். நிறுத்தினேன்.

ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் பெரியம்மா காபித் தோட்ட வேலையில் இருக்கிறார். அவர் கிழங்கு கொடுத்து அனுப்பினார். பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன்: பாறையிலும் மரத்திலும் ஒட்டி வளர்கிற ஒரு பெரணியின் தண்டு அது. மேலெல்லாம் பழுப்பு நிறத்தில் ரோமம், பார்க்க ஆட்டுக்கால் மாதிரியே இருக்கும். அதனால்தான் முடவாட்டுக்கால் என்றும் பெயர். ரோமத்தைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே பச்சை. துண்டு போட்டு இடித்து, மிளகு, சீரகம், பூண்டு, சின்ன வெங்காயம் சேர்த்துக் கொதிக்க வைத்தால் கண்ணை மூடிக்கொண்டு குடிக்கிறவர் மட்டன் சூப் என்றே சொல்வார். மலைக்குளிரில் அதற்கு ஈடு கிடையாது. நான் ஏழு மாதம் குடித்தேன்.

இரண்டாவது மாதமே வலி திரும்பியது. "உடம்பிலிருக்கிற மாத்திரை விஷம் வெளியேறுகிறது" என்றார்கள், நம்பினேன். நாலாவது மாதம் ஒருவர் பெயர் எதுவும் எழுதாத பொட்டலத்தில் சூரணம் கொடுத்தார். நாலே நாளில் வலி போன இடம் தெரியவில்லை. பசியான பசி. முகம் உப்பி வட்டமாகிவிட்டது. "நல்லா பூரிச்சிட்டே" என்று எல்லோரும் சொன்னார்கள். பிறகு டாக்டர் என் முகத்தைப் பார்த்ததுமே "ஸ்டீராய்டு கலந்திருக்கலாம்" என்றார். சர்க்கரையும் ஏறியிருந்தது. அப்படிப்பட்டதைச் சட்டென்று நிறுத்துவதும் ஆபத்தாம், படிப்படியாகத்தான் குறைத்தார்கள்.

அந்த ஏழு மாதத்தின் கடைசியில் பெரியம்மாவைப் பார்க்க மலைக்குப் போனேன். பஸ்ஸில் உட்கார இடமில்லை. கம்பியைப் பிடிக்க விரல் மூடவில்லை. இருபது கொண்டை ஊசி வளைவிலும் கம்பியை முழங்கையால் கட்டிக்கொண்டு நின்றேன். இறங்கினதும் பெரியம்மா என் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "கண்ணு, நான் வயசான முழங்காலுக்குன்னு நெனச்சுத்தான் கிழங்கு குடுத்தேன். மாத்திரையை நிறுத்துன்னு நான் சொல்லலியே" என்றார். உண்மைதான், அவர் சொல்லவில்லை.

இப்போது என் வலது கையில் மோதிர விரலும் சுண்டுவிரலும் வெளிப்பக்கம் சாய்ந்திருக்கின்றன. மாத்திரையைத் திரும்ப ஆரம்பித்து வலி அடங்கிவிட்டது, விரல் நிமிரவில்லை.

இதற்குக் கீழே வந்து "நம் மருத்துவத்தைக் கேவலப்படுத்துகிறாள், மருந்துக் கம்பெனிக்குப் பேசுகிறாள்" என்று எழுதப் போகிறவர்களுக்கு: என் வீட்டில் இன்றைக்கும் கிழங்கு சூப் வைக்கிறேன். மாமியாருக்கு அது இதமாக இருக்கிறது, அவர் நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டி மடக்குகிற பயிற்சியும் விடாமல் செய்கிறார். படித்துப் பட்டம் வாங்கிய சித்த மருத்துவர்களை நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பெயரில்லாத பொட்டலத்தைத்தான் சொல்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ரேஷன் கடையில் கைரேகை வைக்கச் சொல்கிறார்களே, என் மாதிரி ஆட்கள் என்ன செய்வது? வருடக்கணக்காகக் கம்பியும் குறடும் பிடித்து ரேகை தேய்ந்துவிட்டது, விரலும் தட்டையாகப் படியாது. போன மாதம் மூன்று தடவை வரிசையில் நின்று, மூன்று தடவையும் "விழல, அடுத்த ஆள் வாங்க" என்று அனுப்பினார்கள். பின்னால் நின்ற ஒருவர் "கை நல்லாத்தானே இருக்கு, அழுத்தி வையும்மா" என்றார். அழுத்த முடிந்தால் வைக்க மாட்டேனா? நம் ஊரில் தறி, பட்டறை, கட்டட வேலை என்று ரேகை தேய்ந்தவர்கள் எத்தனை பேர்! அரிசி வாங்க வந்தவளை விரலை வைத்துச் சந்தேகப்படுவது எந்த ஊர் நியாயம்?

சரி, அம்மா விஷயத்துக்கு வருகிறேன்.

அந்த மாத்திரை வாரத்துக்கு ஒருநாள் மட்டும். தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து. எங்கள் தெருவில் ஒரு அக்கா தெரியாமல் நாலு நாள் தொடர்ந்து போட்டு, வாயெல்லாம் புண்ணாகி ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதாகிவிட்டது. கூடவே ஃபோலிக் ஆசிட் கொடுத்திருப்பார்கள், அதை வேறு நாளில் போடச் சொல்வார்கள். கல்லீரலுக்கும் ரத்த அணுக்களுக்கும் முதலில் அடிக்கடி, பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை உண்டு, அதைத் தள்ளிப் போடாதீர்கள். குழந்தை பெறப் போகிற வயதில் யாராவது இதைப் படித்தால், முதலிலேயே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். கர்ப்பத்தில் இந்த மருந்து கூடவே கூடாது. என் அளவு எத்தனை மில்லிகிராம் என்று இங்கே கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். ஒருத்தர் அளவு இன்னொருத்தருக்கு ஆகாது. வாழ்நாள் முழுக்கவா என்றால், நோய் நன்றாக அடங்கிய சிலருக்கு டாக்டரே பார்த்துக் குறைப்பதுண்டு. எனக்கும் போன வருடம் கொஞ்சம் குறைத்தார்கள்.

வேலையை நான் விடவில்லை. குறட்டின் கைப்பிடியில் பழைய சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றித் தடிமனாக்கிக்கொண்டேன். பிடி பெருத்தால் விரல் அவ்வளவு இறுக்க வேண்டியதில்லை. கரண்டிக்கும் அப்படித்தான். திருகுகிற குழாயை எடுத்துவிட்டு மணிக்கட்டால் தட்டித் திறக்கிற குழாய் போட்டோம். குடத்தை விரலில் தொங்கவிடாமல் இடுப்பில் வைத்துத் தூக்குகிறேன். அம்மாவுக்கும் இதையெல்லாம் இப்போதே செய்து கொடுங்கள், கை சாயும் வரை காத்திருக்காமல்.

எங்கள் வீட்டில் மாத்திரை நாள் புதன்கிழமை. பையன் காலண்டரில் புதன்கிழமைகளை எல்லாம் சிவப்புப் பேனாவால் சுழித்து வைத்திருக்கிறான், போட்டதும் குறுக்கே ஒரு கோடு. அம்மாவுக்கு எந்தக் கிழமை என்று மாத்திரை டப்பா மேலேயே பெரிதாக எழுதி ஒட்டிவிடுங்கள். காலையில் விரல் மடங்க எவ்வளவு நேரம் ஆகிறது என்பதையும் அதே காலண்டரில் தினமும் குறித்து வையுங்கள், அடுத்த முறை டாக்டர் முதலில் அதைத்தான் கேட்பார்.